பயம் வந்தால் விசுவாசம் போய்விட்டதா?

கேள்வி: என் கணவருக்கு இருதய ஆபரேஷன் முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் எனக்கு இரவில் தூக்கமில்லை. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரர், “பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று வசனம் இருக்கிறதே. பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். மாத்திரை எதற்கு?” என்றார். நிறுத்திவிட்டேன். எனக்குத் தகுதியில்லை என்று திருவிருந்திலும் பங்குபெறுவதில்லை. தேவன் என்மேல் கோபமாக இருக்கிறாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை சகோதரி, கோபமாக இல்லை.

முதலில் மாத்திரை விஷயம். நாளைக்கே அந்த டாக்டரிடம் போய், நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வகை மாத்திரைகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் தூக்கமின்மையும் இன்னும் அதிகமாகலாம். “தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்” என்று பவுல் எழுதியது தீமோத்தேயுவுக்கு. அதே தீமோத்தேயுவுக்கு இன்னொரு நிருபத்தில், வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றும் எழுதினார். உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. ஜெபிக்க வந்தவரின் மருந்தை நிறுத்தச் சொல்ல எந்தச் சகோதரருக்கும் அதிகாரம் கிடையாது.

இனி அந்த வசனம். 1 யோவான் 4:18-ஐ எடுத்தவர் 17-ஐயும் வாசித்திருக்க வேண்டும். “நியாயத்தீர்ப்புநாளிலே நமக்குத் தைரியமுண்டாயிருக்க” என்றுதான் யோவான் பேச்சைத் தொடங்குகிறார். தேவன் என்னைத் தண்டித்துவிடுவாரோ, தள்ளிவிடுவாரோ என்கிற பயம்தான் அங்கே பேசப்படுவது. கணவரின் உடல்நிலையை நினைத்து நடுங்கும் மனைவியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அந்த வசனம் எழுதப்படவில்லை. நடந்திருப்பதைப் பாருங்கள். கூட்டத்துக்குப் போகும்போது உங்களுக்குப் போன் பயம் மட்டும்தான் இருந்தது. திரும்பி வரும்போது தேவன் கோபமாக இருக்கிறாரோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது. எந்தப் பயத்தைத் தள்ள அந்த வசனம் எழுதப்பட்டதோ, அதையே உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

அந்தப் பூரண அன்பு யாருடையது? நாம் முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்று நினைப்பதால்தான் இத்தனை குழப்பம். “அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்” என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது. முந்தி என்றால் உங்கள் பயம் தீர்வதற்கும் முந்திதான்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது புதிய உபதேசமும் அல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி குருவாகப் பட்டம் பெற்றது 1728-ல். 1736 ஜனவரியில் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போகும்போது புயலடித்து, கப்பலின் பாய் கிழிந்து, கடல்நீர் கப்பலுக்குள் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள்; அதே கப்பலில் வந்த, ஜெர்மன் பேசும் மொரேவியக் கிறிஸ்தவர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை. சாவுக்குப் பயந்தவர்களில் வெஸ்லியும் ஒருவர். இரண்டு வருஷம் கழித்து, 1738 மே 24 அன்று, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், கிறிஸ்து தம் பாவங்களை நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. இந்தக் கதையை நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எப்போதாவது சந்தேகமோ பயமோ வந்தவனுக்கு இருப்பது பலவீனமான விசுவாசம்கூட அல்ல, அவனுக்கு விசுவாசமே இல்லை என்று அதில் எழுதியிருந்தது. உங்களிடம் சொல்லப்பட்டதும் இதேதான். வெஸ்லி கலங்கிப்போனார். பிறகு வேதத்தைத் திறந்தபோது 1 கொரிந்தியர் 3-ம் அதிகாரம் கண்ணில் பட்டது. அதில் பவுல் கொரிந்தியரைக் குழந்தைகள் என்கிறார். அவர்களையே தேவனுடைய மாளிகை, தேவனுடைய ஆலயம் என்றும் சொல்கிறார். அப்படியானால் பலவீனமானாலும் விசுவாசம் அவர்களுக்கு இருந்தது என்று வெஸ்லி தெளிந்தார். அந்தத் தெளிவு உங்களுக்கும் வேண்டும்.

சரி, விசுவாசம் பயத்தை ஜெயிக்காதா என்று கேட்பீர்கள். ஜெயிக்கும். தாவீதைப் பெலிஸ்தர் காத் ஊரில் பிடித்தபோது பாடிய 56-ம் சங்கீதத்தைப் பாருங்கள். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்கிறது மூன்றாம் வசனம். நான்காம் வசனத்தில் “நான் பயப்படேன்” என்கிறார். பயந்துகொண்டேதான் நம்பத் தொடங்கினார். அதோடு முடிந்துவிடவும் இல்லை. பதினோராம் வசனத்தில் மறுபடியும் “நான் பயப்படேன்” என்று சொல்ல வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒரே ராத்திரியில் எல்லாம் முடியாமல் போகலாம். போன் அடிக்கும்போது அந்த மூன்றாம் வசனத்தைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

உங்களையும் ஒன்று கேட்கிறேன். இதையெல்லாம் உங்கள் சபையில் யாரிடமாவது சொன்னீர்களா? ஞாயிற்றுக்கிழமை யாராவது விசாரித்தால் “ஸ்தோத்திரம், நல்லாயிருக்கேன்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுவது வேண்டாம். மக்கெதோனியாவில் “உள்ளே பயங்களும் இருந்தன” என்று பவுலே எழுதுகிறார். தேவன் அவருக்குத் தந்த ஆறுதல், தீத்து என்கிற நண்பன் வந்து சேர்ந்ததுதான். நம்பிக்கையான ஒரு அக்காவைப் பாருங்கள். போதகரம்மாவாக இருந்தாலும் சரி. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அப்புறம், திருவிருந்து. இயேசு முதன்முதலில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த சீஷர்கள் அன்று இரவே பயந்து அவரை விட்டு ஓடினார்கள். ஓடுவார்கள் என்று தெரிந்தேதான் கொடுத்தார். உங்கள் சபையில் அடுத்த திருவிருந்து ஆராதனை எப்போதோ, அன்றைக்குப் போங்கள். படபடப்பு இருந்தாலும் போங்கள்.