பையர் கேட்கும் கார்பன் கணக்கு: எதில் கையெழுத்து போடலாம், எதில் கூடாது?

கேள்வி: திருப்பூரில் 60 மிஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறேன். வாடகைக் கட்டடம். பையிங் ஹவுஸ் (ஆர்டர் பிடித்துத் தரும் இடைநிலை நிறுவனம்) மூலமாக ஓர் ஐரோப்பிய பையருக்கு வருஷத்துக்கு 6 லட்சம் பீஸ் போகிறது. போன வாரம் அவர்களிடமிருந்து ஓர் எக்செல் வந்தது. ஸ்கோப் 1, 2, 3 என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். கூடவே 2030-க்குள் கார்பன் வெளியீட்டை 30 சதவீதம் குறைப்பேன் என்று ஓர் உறுதிமொழிக் கடிதம். எல்லோரும் சொல்கிற கார்பன் வரி இதுதானா? ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடலாமா? அண்ணனுக்கு உடுமலை பக்கம் காற்றாலை இருக்கிறது, அதைக் காட்டலாமா? நிலக்கரியை எரிப்பது அரசாங்கம். பழி மட்டும் ஏன் என் தலையில்?

பதில்: இது வரி இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் விதிக்கும் கார்பன் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்திருப்பது உண்மை. ஆனால் அது சிமென்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறுக்குத்தான். கோவையில் போல்ட் நட்டு செய்து அனுப்புகிறவர் கவலைப்பட வேண்டும். பனியன் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்களுக்கு வந்திருப்பது வேறு சங்கதி. பெரிய பிராண்டுகள் எல்லாம் "இத்தனை வருஷத்துக்குள் இவ்வளவு குறைப்போம்" என்று முதலீட்டாளர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு தையல் மிஷின்கூடக் கிடையாது. அவர்கள் கணக்கில் வரும் புகையில் பெரும்பகுதி நூற்பாலையிலும் சாயப்பட்டறையிலும் உங்கள் தையல் லைனிலும்தான் இருக்கிறது. அவர்கள் ஸ்கோப் 3 (தங்கள் வளாகத்துக்கு வெளியே, சப்ளையர் போன்றோரிடம் வெளியாகும் புகை) என்று எழுதிக்கொள்வதில் ஒரு பகுதி, உங்கள் ஸ்கோப் 1-ம் 2-ம்தான். அதனால்தான் எக்செல் உங்கள் வாசலுக்கு வருகிறது. ஐரோப்பாவின் நிலைத்தன்மை அறிக்கைச் சட்டம் சின்ன சப்ளையர்களை அளவுக்கு மீறிக் கேள்வி கேட்க வைக்கிறது என்று அங்கேயே முணுமுணுப்பு எழுந்து, 2025-ல் அதைத் தளர்த்தும் வேலை தொடங்கியது. ஆனாலும் பிராண்டுகள் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். ஸ்கோப் 1 என்பது உங்கள் வளாகத்தில் நீங்களே எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், கம்பெனி வேன், கேஸ் சிலிண்டர். ஸ்கோப் 2 என்பது ஈபி மின்சாரம். உங்கள் அளவுள்ள கம்பெனி ஒன்றுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். மாதம் 8,000 யூனிட் என்றால் வருஷத்துக்கு 96,000. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் இந்த எண்ணை ஆண்டுதோறும் வெளியிடுகிறது, கொஞ்சம் ஏறி இறங்கும். ஆக 69 டன். ஜெனரேட்டருக்கு வருஷம் 3,000 லிட்டர் டீசல், லிட்டருக்கு 2.68 கிலோ, 8 டன். வேனுக்கு 2,400 லிட்டர், ஆறரை டன். மொத்தம் ஏறக்குறைய 83.5 டன். 6 லட்சம் பீஸால் வகுத்தால் பீஸுக்கு ஏறக்குறைய 140 கிராம். உங்கள் பில்களை வைத்து இதே கணக்கை ஒரு மதியத்தில் முடித்துவிடலாம், கன்சல்டன்ட் தேவையில்லை.

இடிப்பது டீசலில்தான். நான் ஆடிட்டுக்குப் போகிற இடங்களில் ஜெனரேட்டர் ரூமில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கும். வாட்ச்மேன் எழுதி வைத்திருப்பார்: "டீசல் 40." அடுத்த வரி: "டீசல் 40 மறுபடி." தேதி இருக்காது, லிட்டரா ரூபாயா என்று தெரியாது. ஒரு இடத்தில் வேனுக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே கேனிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பங்க் பில்லைத் தேடினால் ஜிஎஸ்டி ஃபைலுக்குள் பாதி, டிரைவர் சட்டைப் பையில் பாதி. இன்றைக்கே அந்த நோட்டில் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங், கையெழுத்து என்று நான்கு கோடு போட்டுக் கொடுங்கள்.

"ஏதாவது ஓர் எண்" போடுவது பற்றி. செய்யாதீர்கள். உபதேசமாகச் சொல்லவில்லை, வியாபாரக் காரணம் இருக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பாவில் ஒரு சட்டம் அமலாகிறது. ஆதாரமில்லாமல் "சூழலுக்கு உகந்தது" என்றோ, வேறெங்கோ மரம் நட்டதைக் காட்டி "கார்பன் நடுநிலைப் பொருள்" என்றோ கடைக்காரர் விளம்பரம் செய்யக்கூடாது. நீங்கள் கொடுத்த எண்ணை நம்பி அவர் ஏதாவது அச்சடித்து மாட்டிக்கொண்டால், முதலில் கையைக் காட்டுவது உங்களை நோக்கித்தான். அடுத்த வருஷம் உண்மையான எண்ணைப் போடும்போது வெளியீடு திடீரென்று ஏறியது போலவும் தெரியும்.

அண்ணன் காற்றாலை விஷயம். திருப்பூரில் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் காற்றாலை மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கிறார் என்றால், அது விற்ற சரக்கு. உங்கள் கணக்கில் கழிக்க முடியாது. நீங்களும் பங்குதாரராகி, சொந்தப் பயன்பாட்டுக்கு வீலிங் செய்து (வாரியத்தின் கம்பி வழியாகக் கொண்டுவந்து), உங்கள் ஈபி பில்லிலேயே அந்த யூனிட் கழிந்து வந்தால் மட்டும் காட்டலாம். அதற்கும் நிபந்தனை உண்டு: பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீதப் பங்கு, உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாத பயன்பாடு. வீலிங் நடைமுறையில் ஹெச்டி (உயரழுத்த) இணைப்புக்காரர்களின் ஏற்பாடு. 60 மிஷின் கம்பெனி பெரும்பாலும் எல்டியில்தான் (தாழ்வழுத்த இணைப்பில்) ஓடும். ஆகவே அண்ணனை விட்டுவிடுங்கள்.

ஸ்கோப் 3 கட்டங்களில் நூல், சாயம், காம்பாக்டிங் (துணி சுருங்காமல் பதப்படுத்துவது) எல்லாம் கேட்டிருப்பார்கள். அங்கே புகைக் கணக்கு போடாதீர்கள். எத்தனை கிலோ நூல் வாங்கினீர்கள், எத்தனை கிலோ துணி சாயத்துக்குப் போனது, எந்த ஊர்ப் பட்டறைக்கு என்பதோடு நிறுத்துங்கள். மிச்சத்துக்கு "சப்ளையரிடமிருந்து தரவு கிடைக்கவில்லை" என்று எழுதுவது குற்றமில்லை.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பாதி நியாயம் உங்கள் பக்கம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், 83.5 டன்னில் 69 டன் ஈபி மின்சாரம். உங்கள் சுவிட்ச் போர்டுக்கு அந்தப் பக்கம் என்ன எரிகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் (உற்பத்தி செய்யக்கூடிய அளவில்) பாதி, 2025 நடுவிலேயே நிலக்கரி போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வகைக்கு வந்துவிட்டது. அறிவிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரத்தில் இன்னும் முக்கால்வாசியை ஒட்டி நிலக்கரிதான். சூரியன் மறைந்த பிறகு சேமித்து வைக்கும் பேட்டரியும், வெயிலும் காற்றும் உள்ள இடத்திலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியும் போதவில்லை. அதைப் போடுவது பனியன் கம்பெனி வேலை இல்லை. அரசு வேலை.

அரசு வேலையைத் தொழில் தலையிலும், தொழில் வேலையை அரசு தலையிலும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதை நம்மூரைவிட நன்றாக அறிந்த ஊர் கிடையாது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் போனது. ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் வயலுக்கு ஆகாமல் போனது. விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்றது உயர் நீதிமன்றம். 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. அதன் பிறகுதான் மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தண்ணீர் பிரச்சினைக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைச் சுண்டவைக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு லாரி லாரியாக விறகு. நதியைக் காப்பாற்றச் செலவழிக்கும் எரிபொருள் இப்போது கார்பன் கணக்கில் வந்து நிற்கிறது. (கணக்கு விதிப்படி விறகின் கரியமில வாயு மொத்தத்தில் சேராமல் தனிக் கட்டத்தில் போய்விடும். அதனால் காகிதத்தில் பட்டறை சுத்தமாகத் தெரியலாம். புகைபோக்கியைப் பார்க்கிறவனுக்கு அப்படித் தெரியாது.) இந்த ஊர் தண்ணீருக்கு ஏற்கெனவே ஒரு விலை கொடுத்துவிட்டது என்பதை பையர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

மற்றப் பாதி நியாயம் உங்கள் பக்கம் இல்லை. வேன், ஜெனரேட்டர், மதிய இடைவேளையிலும் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸர், இன்னும் மாற்றாத கிளட்ச் மோட்டார் எல்லாம் உங்களுடையவை. கிளட்ச் மோட்டாரை சர்வோவாக (தைக்கும்போது மட்டும் ஓடும் மோட்டாராக) மாற்றினால் அந்த மிஷினின் மின்செலவு பாதியாகவாவது குறையும். ஊரில் பாதிப்பேர் கார்பனுக்காக இல்லை, பில்லுக்காகவே மாற்றிவிட்டார்கள்.

அந்த 30 சதவீதம் முடியுமா? கூரையில் 25 கிலோவாட் சோலார் போட்டால் வருஷத்துக்கு 36,000 யூனிட் வரும், 26 டன் குறையும். மாதிரிக் கணக்கில் அதுவே 31 சதவீதம். ஆனால் கூரை உங்களுடையது இல்லை. கட்டட உரிமையாளர் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுப்பாரா? கூரை சோலாருக்கான நெட்வொர்க் கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் தாங்கவில்லை என்று 2023-ல் தமிழகச் சிறுதொழில் அமைப்புகள் ஒரு நாள் கதவடைப்பே நடத்தின. பேனலுக்குப் பணம் புரட்டுவதற்கு முன், இன்றைய தேதிக்கு உங்கள் இணைப்புக்கு என்ன கட்டணம் என்று ஈபி அலுவலகத்தில் கேளுங்கள். மிஷின் மாற்றுவதற்கானால், மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2025 ஜூலையில் தொடங்கிய கடன் திட்டம் இருக்கிறது. குறுந்தொழில், சிறுதொழிலுக்கு 5 சதவீதமும் நடுத்தரத் தொழிலுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம். ஜவுளி உட்பட 14 துறைகள். குறைந்தது 10 சதவீத எரிசக்தி மிச்சமாகும் என்று காட்ட வேண்டும்.

உறுதிமொழிக் கடிதத்தை இப்போதிருக்கும் வடிவில் கையெழுத்திடாதீர்கள். "மொத்த வெளியீடு 30 சதவீதம்" என்று இருந்தால் அது பொறி. நாளைக்கு ஆர்டர் இரட்டிப்பானால் மின்சாரமும் ஏறும், நல்ல வியாபாரம் நடந்த வருஷத்தில் நீங்கள் வாக்குத் தவறியவராவீர்கள். "ஒரு பீஸுக்கு இத்தனை கிராம்" என்று மாற்றச் சொல்லுங்கள். அடிப்படை ஆண்டு (எந்த வருஷத்தோடு ஒப்பிடுவது) எது என்று எழுதச் சொல்லுங்கள். மின்தொகுப்பின் எண் மாறினால் இலக்கும் மாறும் என்று ஒரு வரி சேருங்கள்.

பிறகு ஒரு கேள்வியை நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பீஸுக்கு இரண்டு சென்ட் குறைக்கச் சொல்லி மாசாமாசம் மெயில் போடுகிறவர், சோலார் செலவில் என்ன பங்கு தருவார்? மூன்று வருஷ ஆர்டருக்கு எழுத்தில் உறுதி தருவாரா? அது கையில் இருந்தால் பேங்க் மேனேஜரும் கட்டட உரிமையாளரும் வேறு மாதிரிப் பேசுவார்கள். பையிங் ஹவுஸிடம் வாயால் கேட்டால் காற்றில் போய்விடும். பன்னிரண்டு மாத ஈபி பில்லோடு எக்செல்லை இணைத்து அனுப்பும் அதே மெயிலில், பிராண்டின் சஸ்டெய்னபிலிட்டி பிரிவுக்கும் நகல் போட்டுக் கேளுங்கள்.