பாவும் பட்டையும்

அன்புள்ள அக்கா,

அம்மாவின் பழைய மிஷினில் ஒரு மீட்டர் காடா துணி வாங்கி நானே ஒரு தோள் பை தைத்தேன். இரண்டே வாரத்தில் இடுப்பருகே இருந்த பை தொடைக்கு இறங்கிவிட்டது. அப்புறம் ஒருநாள் டிபன் பாக்ஸும் நாலு புத்தகமும் வைத்தபோது பட்டை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எந்த நூலில் தைத்தால் பிரியாது? லைனிங் கொடுக்க வேண்டுமா? 10 ரூபாய்க்கு மஞ்சப்பை கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு, எனக்குக் கை வராது என்றும் தோன்றுகிறது.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அத்தை தைத்துக் கொடுத்த பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தேன். முப்பது வருஷத்துப் பை.

லைனிங் உங்கள் இஷ்டம். மஞ்சப்பை நல்ல விஷயம், 2021 டிசம்பரில் அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அது கையில் பிடிக்கிற பை, இந்தப் பேச்சில் சேராது. "கை வராது" என்று மட்டும் இனி எழுதாதீர்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுக் கையைக் குறை சொல்வது என்ன நியாயம்?

நூலையும் குறை சொல்லாதீர்கள். நீங்கள் பட்டையைக் குறுக்குவாக்கில் வெட்டியிருக்கிறீர்கள். எழுதவில்லை, ஆனால் தெரிகிறது. ஒரு மீட்டர் துணியில் நெடுக்கே 39 அங்குலம்தான் வரும், அகலத்தில் 44 கிடைக்கும். பட்டை நீளமாக வேண்டுமென்று குறுக்கே கத்தரியை வைத்துவிட்டீர்கள். பை இறங்கியது அதனால்தான்.

அத்தை வாக்கப்பட்டது சென்னிமலையில், தறிக்காரர் வீட்டில். லீவுக்குப் போனால் விடிகாலையிலேயே தெரு நெடுக பாவு, அதாவது துணியில் நெடுக்கே ஓடப்போகிற நூலை, நீட்டியிருப்பார்கள். கஞ்சி போட்டு, இழை ஒட்டாமல் நீவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தறியில் விறைத்து நின்று இழுவையைத் தாங்குவது அந்தப் பாவு நூல். குறுக்கே ஓடுகிற ஊடை நூல் அதற்கு மேலும் கீழுமாக வளைந்து போகிறது, அதனால் அந்த வாக்கில் இழுத்தால் துணி நெகிழும். அத்தை எந்தத் துணியையும் வெட்டும் முன் இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுப்பாள். 'டப்' என்று தெறித்தால் பாவு, 'பொத்' என்று அமுங்கினால் ஊடை. என்னைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு விழும். பத்து வயதில் வாங்கிய குட்டு, இன்றைக்கும் துணிக்கடையில் என் கை தானாகவே துணியை இழுத்துப் பார்க்கிறது.

இன்னொன்று. நீங்கள் பட்டையைப் பையின் வாயில் ஒட்ட வைத்துத் தைத்தீர்கள். அப்படியானால் நாலு புத்தகத்தின் பாரமும் ஒரு விரல்கடை தையலில் தொங்குகிறது. எந்த நூல் தாங்கும்? பாரத்தைத் துணி தாங்க வேண்டும். அத்தையின் பையில் பட்டை தனியாக ஒட்டப்படவே இல்லை. ஒரே நீளத் துண்டு தோளிலிருந்து இறங்கி, பையின் பக்கமாகி, அடியாகி, மறுபக்கமாக ஏறித் திரும்பத் தோளுக்கே போகிறது. முன்துணியும் பின்துணியும் அதன் இரண்டு ஓரத்திலும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டேகால் மீட்டர் காடா வாங்குங்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள், காடா நன்றாகச் சுருங்கும். நெடுக்கே 4 அங்குல அகலத்தில், 82 அங்குல நீளத்தில் ஒரு துண்டு. மிச்சத்தில் 14 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் இரண்டு. நீளத் துண்டின் இரண்டு முனையையும் சேர்க்கிற இடம் பையின் அடியில் வரட்டும், அங்கே இரண்டு பக்கத் துணியும் அதைப் பிடித்துக்கொள்ளும். தோளுக்கு வருகிற பாகத்தில் ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடக்கி, இரண்டாக மடித்துத் தைத்தால் ஒன்றரை அங்குலப் பட்டை. 16ஆம் நம்பர் ஊசி, சாதாரண பாலியஸ்டர் நூல் போதும்.

பிய்ந்த பட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரித்து, உள்ளே ஒரு சின்ன பாக்கெட் வையுங்கள். அத்தையின் பையிலும் பஸ் சில்லறைக்கென்று ஒன்று இருக்கிறது.