தமிழில் நேர்காணல் பாட்காஸ்ட்: பெங்களூர் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஆறு வருடமாகப் பெங்களூரில் இருந்து தமிழில் ஒரு நேர்காணல் பாட்காஸ்ட் நடத்துகிறேன். பாதிக்கு மேல் அரசியல். மீதி பெங்களூர் கரகத் திருவிழா, கிரிக்கெட், சமையல், பழைய சினிமா கொட்டகைகள் என்று எனக்கு ஆசை உள்ளவை. தொடங்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ராமமூர்த்தி நகர் ஐ.டி. ஊழியர்: அக்கா, நானும் நண்பனும் தொடங்கப் போகிறோம். எந்த மைக் வாங்கலாம்?

முதலில் அறையைத் தேடுங்கள் தம்பி. துணி நிறைந்த பீரோவும் மெத்தையும் உள்ள படுக்கையறை, வெறும் சுவர் ஹாலை விட எவ்வளவோ மேல். மைக் டைனமிக் வகையாக இருக்கட்டும். கண்டென்சர் மைக் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் சேர்த்துப் பிடித்துவிடும். வாய்க்கு நாலு விரல் தள்ளி வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு மைக், ஆளுக்கு ஒரு டிராக். விருந்தினர் பேசும்போது நீங்கள் இருமினால் உங்கள் டிராக்கில் மட்டும் வெட்டிவிடலாம். எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். ஒலி அளவை -16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அருகில் வையுங்கள், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது அதுதான்.

கூடவே ஒரு போனிலும் ரெக்கார்டு ஓடட்டும். 1980-81இல் பெங்களூர் பொதுத்துறை ஆலைகளில் 77 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் இருந்த ஒரு பெரியவரிடம் ஐம்பது நிமிடம் பேசினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மெமரி கார்டு பாதியிலேயே நிறைந்திருந்தது. மறுபடி உட்கார்ந்தார், மறுக்கவில்லை. ஆனால் முதல் தடவை சம்பளம் இல்லாத அந்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்று சொல்லும்போது உடைந்த குரல் இரண்டாம் தடவை வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அல்சூர் கல்லூரி மாணவி: எங்களை யாருக்கும் தெரியாது. எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் எங்களிடம் வருவார்களா அக்கா?

வராவிட்டால் நல்லது என்றே சொல்வேன். பெரிய அரசியல்வாதி நூறு மேடையில் சொன்னதையே உங்களிடமும் சொல்வார். உங்களுக்கும் அவரை மடக்கிக் கேட்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. விஷயம் தெரிந்தவரிடம் போங்கள். உங்கள் வார்டில் தண்ணீர் திறந்துவிடும் வால்வுமேனிடம் பேசியிருக்கிறீர்களா? எந்தத் தெருவுக்கு எத்தனை மணி நேரம், யார் போன் செய்தால் கூடுதல் அரை மணி நேரம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதுவும் அரசியல்தான். பெங்களூர் மாநகராட்சிக்கு 2015இல் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு கார்ப்பரேட்டர் (வார்டு கவுன்சிலர்) இல்லாத தெருவில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போனார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பத்து எபிசோடு செய்யலாம்.

என் பாட்காஸ்டைத் திருப்பிப் போட்டவர் கோலார் தங்கவயலின் முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடிய அன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அதில் தொடங்கி பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்து வெக்கை, குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பட்டா கேட்டு அலைந்தது, விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் என்று இரண்டு மணி நேரம் பேசினார். கட்சிப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அதை விட அரசியலான எபிசோடு நான் செய்ததில்லை.

சிவாஜி நகர் வாசகர்: ஒரு கட்சிக்காரரின் பி.ஏ. கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

தலைப்புகளை அனுப்புங்கள், கேள்விகளை அனுப்பாதீர்கள். பதிவான பிறகு எதையும் நீக்கமாட்டேன், தகவல் பிழை இருந்தால் மட்டும் திருத்துவேன் என்று முதல் போன் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உட்காரும் முன் அவருடைய வேட்புமனு பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். போன தடவைப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கேள்வி தானாக வரும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் முடித்த பிறகும் மூன்று விநாடி காத்திருங்கள். அந்த அமைதி தாங்காமல் அவர் சேர்த்துச் சொல்லும் வாக்கியம்தான் பெரும்பாலும் எபிசோடின் தலைப்பாகும்.

முருகேஷ்பாளையா வாசகர்: காவிரியைப் பற்றி எபிசோடு போட ஆசை, பயமாகவும் இருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தமிழில் இதைப் பேசலாமா?

பேசலாம், பேசவும் வேண்டும். உங்கள் பயத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நடந்த காவிரிக் கலவரங்கள் இங்குள்ள தமிழர் வீடுகளில் யாரும் மறந்தவை அல்ல. அதனாலேயே இதைக் கவனமாகச் செய்ய வேண்டும்.

2018 பிப்ரவரி 16 தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டிய தண்ணீர் 192 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர் முதலான தேவைகளுக்காக. நம் வீட்டுக் குழாயில் வருவதிலும் அந்தக் காவிரி இருக்கிறது. ஊரில் சித்தப்பா மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார், இங்கே நாம் அதே ஆற்றில் பல் தேய்க்கிறோம். சென்னையில் இருந்து பேசுபவருக்கு இந்த இடம் கிடைக்காது. நமக்குக் கிடைத்திருக்கிறது.

நான் செய்தது இதுதான். மண்டியா விவசாயி ஒருவர், தஞ்சாவூர் விவசாயி ஒருவர், இரண்டு பேருக்கும் ஒரே ஐந்து கேள்வி. இந்த வருடம் தண்ணீர் எந்தத் தேதி வந்தது? அதற்குள் எவ்வளவு கடன்? போர்வெல் எத்தனை அடி? இப்படித்தான். யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே இல்லை. மண்டியாக்காரர் கன்னடத்தில் பேசினார். அவர் குரலைச் சில விநாடி அப்படியே விட்டு, பிறகு தமிழ்க் குரலை மேலே ஏற்றினேன். வெளியிடும் முன் கன்னட நண்பர் ஒருவரைக் கேட்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை கடுமையாகிவிட்டது என்றார், மாற்றினேன். விருந்தினர்களின் ஊரைச் சொன்னேன், வீட்டு அடையாளம் எதையும் சொல்லவில்லை.

ஹெப்பால் வாசகர்: விருந்தினர் யாரையாவது ஊழல்வாதி என்று சொல்லிவிட்டால் வழக்கு என் மேல் வருமா?

வரலாம். அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. சொன்னவர் ஒருவர், வெளியிட்டவர் நீங்கள். ஆதாரம் என்ன என்று மைக்கிலேயே கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பகுதி வேண்டாம். இருந்தால் எதிர்த்தரப்பிடமும் பதில் கேட்டு அதே எபிசோடில் சேருங்கள். வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் எபிசோடு எதையும் நான் வெளியிடுவதில்லை.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: இருபது எபிசோடு ஆகியும் கேட்பவர்கள் கூடவில்லை. பணம் எப்போது வரும்?

யூடியூப் விளம்பரப் பங்குக்கு 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதைத் தொட்டாலும் தமிழ் அரசியல் பேச்சில் வரும் தொகை வாடகைக்குக் காணாது. வேலையை விடாதீர்கள். காசு கொடுத்துத் தங்கள் ஆளைப் பேட்டி எடுக்கச் சொல்லிக் கட்சிகளில் இருந்து ஆள் வருவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு தடவை வாங்கினால் பழைய எபிசோடுகளையும் கேட்பவர் சந்தேகப்படுவார்.

கேட்பவர்களைக் கூட்ட எனக்கு உதவியது ஒரே கிழமை, ஒரே நேரம். அடுத்தது, ஒரு நிமிடத் துண்டை விருந்தினரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்புவது. அவருடைய சொந்தக்காரர்கள்தான் உங்கள் முதல் நூறு பேர். தலைப்பில் ‘சிறப்பு நேர்காணல்’ என்று போடாமல் அவர் சொன்ன விஷயத்தைப் போடுங்கள். மற்ற ஆசைகளையும் விடாதீர்கள். கரக ஊர்வலம் மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று போவதைப் பற்றிய எபிசோடுக்கு வந்தவர்களில் நிறையப் பேர் அப்படியே அரசியல் எபிசோடுகளுக்கும் தங்கிவிட்டார்கள்.

ஸ்ரீராமபுரத்தில் இருந்து ஒரு அம்மா: என் வீட்டுக்காரர் மில் தொழிலாளி, இப்போது 81 வயது. நிறையக் கதை சொல்வார். இதெல்லாம் யாராவது கேட்பார்களா?

கேட்பார்கள் அம்மா. யார் கேட்பார்கள் என்று யோசிக்கும் முன் பதிவு செய்துவிடுங்கள். பேரப்பிள்ளையின் போன் போதும். காலையில் காபி குடித்த பிறகு, காது நன்றாகக் கேட்கும் பக்கம் உட்காருங்கள். பழைய போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் பக்கத்தில் நிற்பது யார் என்று மட்டும் கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் நடுவில் திருத்த வேண்டாம், முடிந்த பிறகு உங்கள் குரலில் சொல்லுங்கள், அதுவும் பதிவாகட்டும். நீங்கள் இருவரும் சரி என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமையே மைக்கோடு நான் வருகிறேன்.