வாசகர் கேள்வி பதில்: மராக்கேஷின் எல் பதீ அரண்மனை

கேள்வி: மொரோக்கோவுக்குச் சென்றுவந்த என் மைத்துனர், ‘எல் பதீ அரண்மனை’ என்று காட்டிய படங்களில் துளைகள் நிறைந்த செம்மண் சுவர்களும் தோடை மரங்களுமே தெரிகின்றன. இதை அரண்மனை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பளிங்கு, மரக்கூரை, சுதைவேலை எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்ட பின் எஞ்சியதையே உங்கள் மைத்துனர் படம் பிடித்திருக்கிறார். 1578ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி வட மொரோக்கோவின் வாதி அல் மகாஸின் ஆற்றங்கரையில் நடந்த போரில், போர்த்துக்கல் மன்னன் செபஸ்தியானும், மொரோக்கோவை ஆண்ட ‘ஸஅதி’ (Saadi) வம்ச சுல்தானும், பதவியிழந்த முன்னாள் சுல்தானும் உயிரிழந்தனர். அன்றே அரியணை ஏறிய அகமது அல் மன்சூர், சிறைப்பட்ட போர்த்துக்கேயப் பிரபுக்களை விடுவிக்கப் பெற்ற மீட்புப் பணத்தைக் கொண்டு சில மாதங்களுக்குள் இந்த அரண்மனையைக் கட்டத் தொடங்கினார். அந்தப் போர் நமக்கும் அத்தனை தூரத்துச் செய்தியன்று. கோட்டை மன்னன் தர்மபாலன் கொழும்பில் இருந்தபடி தன் இராச்சியத்தைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக்கொடுத்த அதே 1580இல், செபஸ்தியான் வாரிசின்றி மாண்டதன் விளைவாக, அந்த முடியே ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் கைக்குப் போனது.

இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக்கு எடைக்கு எடை சீனியே விலையாகக் கொடுக்கப்பட்டது என்று மொரோக்கோ வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தெற்கு மொரோக்கோவின் கரும்புத் தோட்டங்களும் ஆலைகளும் அப்போது சுல்தானின் பிடியில் இருந்ததால், இது நம்பக்கூடியதே.

முற்றத்தின் அளவு ஏறக்குறைய 135 மீட்டருக்கு 110 மீட்டர். நடுவில் சுமார் 90 மீட்டர் நீளமான தடாகம். அதன் இருபுறமும் நடைபாதையைவிடத் தாழ்வாக அமைந்த தோட்டங்கள். தோட்டம் பள்ளத்தில் இருப்பதால் தோடை மரங்களின் உச்சியை நடப்பவர் பக்கவாட்டில் பார்க்கலாம். குறுகிய பக்கங்களில் எதிரெதிராக மண்டபங்களை நிறுத்தும் ஒழுங்கு, கிரனாடாவின் அல்ஹம்ப்ரா மாளிகையில் முன்பே கண்டது. இங்கே அது பன்மடங்கு பெருத்துவிட்டது. மேற்கு மண்டபத்தில்தான் சுல்தான் வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்றார். நீங்கள் குறிப்பிடும் துளைகள் சிதைவினால் வந்தவையல்ல. பலகைகளுக்கிடையே மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பும்போது, பலகையைத் தாங்கிய குறுக்குக் கட்டைகள் விட்டுச்சென்ற தடங்கள் அவை. பூச்சு இருந்த காலத்தில் அவை கண்ணில் பட்டிரா.

அல் மன்சூர் 1603இல் இறந்ததும் அவருடைய புதல்வர்கள் அரியணைக்காக மோதிக்கொண்டனர். பின்னர் வந்த அலவி வம்சத்தின் மௌலாய் இஸ்மாயில் (ஆட்சிக்காலம் 1672 முதல் 1727 வரை) தலைநகரை மெக்னெஸுக்கு மாற்றியதுடன், இங்கிருந்த விலையுயர்ந்த பொருட்களையும் கழற்றி எடுத்துக்கொண்டார். கட்டி முடிந்த கொண்டாட்டத்தில் சுல்தான் அபிப்பிராயம் கேட்டபோது, ‘இது இடிந்தால் பெரிய மண்மேடாகும்’ என்று ஒரு விகடன் சொன்னதாகக் கதை உண்டு. இடிந்த பிறகு பிறந்த கதையாகவே எனக்குப் படுகிறது.

கேள்வி: பஹியா அரண்மனை என்பதும் இதுதானா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: இல்லை. பஹியா 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தலைமை அமைச்சர் சி மூசா தொடங்கியதை, அதே பதவிக்கு வந்த அவர் மகன் பா அகமது பெரிதாக்கினார். அக்கம்பக்கத்து வீடுகளை வாங்கி வாங்கிச் சேர்த்ததால் அதன் அமைப்பில் ஒழுங்கு குறைவு. ஆனால் வர்ணம் தீட்டிய தேவதாரு மரக்கூரைகள் இன்றும் அங்கே உள்ளன. இரண்டும் ஒன்றுக்கொன்று நடக்கும் தூரத்திலேயே இருப்பதால், போகிறவர்கள் பஹியாவை முதலில் பார்ப்பது நல்லது. எல் பதீயின் வெறுஞ்சுவர்களில் என்னென்ன இருந்திருக்கும் என்று அதன் பிறகு ஊகிப்பது எளிது. எல் பதீயில், 1137இல் கொர்தோபாவில் செய்யத் தொடங்கப்பட்டு நெடுங்காலம் குதுபியா பள்ளிவாசலில் இருந்த மரத்தாலான பிரசங்க மேடையைத் தவறவிடக்கூடாது. அதன் பக்கங்களில் விரலகலத் துண்டுகளில் செதுக்கிய கொடிவேலைகளைப் பார்க்கவே தனியாக நேரம் வேண்டும்.