காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வதில் உள்ளூர், தேசிய, சர்வதேசக் கொள்கைகளில் எது உண்மையில் பயன் தருகிறது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவராகத் தோன்றுகிறது. அப்படியானால் 1992 ரியோ மாநாடு, 2008இல் இந்தியா வெளியிட்ட தேசியச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்கள், 2015 பாரிஸ் உடன்படிக்கை என்ற பட்டியல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். அதையே நானும் அடுக்குவதில் பயனில்லை. வெயில் என்ற ஒரே பிரச்சினையில் மட்டும் மூன்று நிலைகளையும் வைத்துப் பார்க்கிறேன். என் குடும்பம் அதில் நேரடியாக அடிபட்டிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலிலிருந்து மனித உயிரைக் காப்பாற்றியதில் முதல் இடம் உள்ளூர் நிர்வாகத்துக்குத்தான். ஆனால் சாவுகளை ஒழுங்காகக் கணக்கெடுக்க முன்வந்த உள்ளூர் நிர்வாகத்துக்கு மட்டும்.

அகமதாபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010 மே மாதம் அங்கே வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸ் வரை போனது. வெப்பத் தாக்கம் என்று சான்றிதழில் எழுதப்பட்ட மரணங்களை மட்டும் எண்ணினால் உண்மை தெரியாது என்பதால், அந்த மாதம் நகரில் நிகழ்ந்த எல்லா மரணங்களையும் 2009, 2011 மே மாதங்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். 2013இல் அந்த மாநகராட்சி கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம் தெற்காசியாவிலேயே முதலாவது. அதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. வண்ணக் குறியீட்டோடு முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, குடிநீர்ப் பந்தல்கள், வெயில் நேரத்தில் பூட்டாமல் திறந்து வைக்கப்படும் பூங்காக்கள் ஆகியவைதான். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெப்ப அலைக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது அதன் பிறகு, 2016இல். ஒரு மாநகராட்சி செய்து காட்டியதைத்தான் தேசம் பின்பற்றியது.

தேசிய அளவில் எனக்கு இருக்கும் வருத்தம் பேரிடர் நிதியைப் பற்றியது. எந்தெந்தப் பேரிடர்களுக்கு அந்த நிதியைச் செலவிடலாம் என்பதற்குப் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் என்று 12 பேரிடர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை மத்திய அரசு வைத்திருந்தது. அதில் குளிர் அலை இருந்தது. ஆனால் மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதியைப் பகிர்வது பற்றிச் சொல்லும் 15ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குப் பரிந்துரை செய்தபோது வெப்ப அலை அதில் இல்லை. பட்டியலை விரிக்க வேண்டும் என்ற மாநிலங்களின் கோரிக்கையையும் ஆணையம் ஏற்கவில்லை. மாநிலப் பேரிடர் நிதியில் 10 விழுக்காடு வரை மாநிலம் தானே அறிவிக்கும் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற இடைவெளியைப் பயன்படுத்தித்தான் தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல முடிவு அது, மனதார வரவேற்கிறேன். ஆனால் அது எங்களுக்கு எட்டவில்லை.

என் சித்தப்பா சென்ட்ரிங் வேலை செய்தவர். 2025 கோடையில் ஒரு நாள் நண்பகலில், தளத்தின் மேல் தகரத் தட்டுகளுக்கு நடுவே கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியது. வானிலைத் துறை சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று வைத்திருக்கும் வரம்பு நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பம். துணி சுற்றாமல் கம்பியைத் தொட முடியாத தளத்தின் மேல் நிற்பவருக்கு அது பொருந்தாது. காலையில் சாப்பிடாததால் வந்த மயக்கம் என்று நினைத்து உடன் வேலை செய்தவர்கள் அவரை நிழலில் உட்கார வைத்து சோடா கொடுத்தார்கள். பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மாலையில் இறந்துவிட்டார். அந்த மருத்துவமனையின் குறிப்பேட்டு நகலை நான் பார்த்தேன். நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் இரண்டும் எழுதப்பட்டிருந்தன. உடல் வெப்பநிலைக்கான கட்டம் காலியாக இருந்தது. மரணத்துக்குக் காரணம் இதயச் செயலிழப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். உடலை அறுக்க வேண்டாம் என்று சித்தி அழுததால் பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை. நிவாரணத்துக்கு மனுப் போட்டபோது, எந்தத் தாளிலும் வெயில் என்ற பேச்சே இல்லையே என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். காய்ச்சலுக்கு வருபவருக்குக்கூடத் தெர்மாமீட்டர் வைக்கும் ஒரு மருத்துவமனையில், உச்சி வெயிலில் வேலைத்தளத்திலிருந்து தூக்கிவரப்பட்டவருக்கு ஏன் வைக்கவில்லை என்ற கேள்விக்கு மட்டும் எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

சொந்தத் துக்கத்தை வைத்துக் கொள்கையை எடை போடுகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். உமிழ்வைக் குறைக்காமல் தண்ணீர்ப் பந்தல் வைத்து என்ன பயன் என்றும் கேட்பார்கள். சர்வதேச ஒப்பந்தங்கள் வீண் என்று நான் எங்கும் சொல்லவில்லை. குளிர்பதன வாயுக்களைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தம், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 0.5 டிகிரி வரையான வெப்ப உயர்வைத் தவிர்க்கக்கூடியது; இந்தியாவும் 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. அதன் தாய் ஒப்பந்தமான, ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் நெறிமுறையின் பலமே, ஒவ்வொரு நாடும் எவ்வளவு உற்பத்தி செய்தது, எவ்வளவு இறக்குமதி செய்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் இருக்கிறது. காலநிலை நிதி விஷயத்தில் அந்தக் கண்டிப்பு இல்லை. 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் கொடுத்த வாக்கு 2022இல்தான் நிறைவேறியது. எது காலநிலை நிதி, எது சாதாரணக் கடன் என்பதிலேயே நாடுகளுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

ஆகவே தேர்வில் ஒப்பிட்டு எழுதும்போது, திட்டத்தின் பெயரையும் தொடங்கிய ஆண்டையும் எழுதுவதோடு நில்லாமல், அதில் எதை, யார், எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேர்வுக்கு வெளியே இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வெயிலில் வேலை செய்கிறவர் ஒருவருக்குப் பேச்சு குழறினால், உடனே உடம்பைத் தண்ணீரால் நனைத்துக் குளிர்வித்தபடியே 108ஐ அழையுங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் உடல் வெப்பநிலையைப் பார்க்கச் சொல்லி, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கே, எந்த வேலையில் இருந்தபோது விழுந்தார் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லி, நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.