64 உசாத்துணைகள்: ஒரு கடிதமும் பதிலும்

அன்பின் சேர்,

எங்கள் பகுதி வயல் நிலங்களில் உவர்த்தன்மை கூடி வருவது பற்றி ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். மதிப்பாய்வுக்கே போகாமல் ஒரு கிழமையில் திரும்பி வந்துவிட்டது. உசாத்துணைகள் எங்கள் முறைப்படி இல்லை, இலக்க முறைக்கு மாற்றி அனுப்பவும் என்று இரண்டே வரி. மொத்தம் 64 உசாத்துணைகள். இரண்டு வருடம் மண் அள்ளிச் செய்த வேலை கமாவுக்கும் புள்ளிக்குமாகத் திரும்பி வந்ததை நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது. கூடப் படிக்கும் ஒருவர், சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் மாற்றித் தந்துவிடும் என்கிறார். கொடுக்கலாமா? இன்னொன்று, என் பெயருக்கு முன்னால் நான்கு முதலெழுத்துகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் போடுவது?

ஆய்வு மாணவி, சம்மாந்துறை

அன்புள்ள மகளுக்கு,

முதலில் ஒன்று. உங்கள் கட்டுரையை அவர்கள் நிராகரிக்கவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆத்திரத்தை அந்த அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும் பரவாயில்லை, ஒரே சீராக இருந்தால் போதும் என்று சொல்லும் சஞ்சிகைகள் இப்போது நிறைய இருக்கின்றன. உங்களுடையது அந்த வகை இல்லை. எழுதுவோருக்கான அறிவுறுத்தல் பக்கத்தை அனுப்புவதற்கு முன்பே பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

கையால் மாற்றப் போகாதீர்கள். இலக்க முறையில் ஒவ்வொரு உசாத்துணைக்கும் வரிசை எண் உண்டு, நடுவில் ஒன்றைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வரும் எல்லா எண்களும் நகரும். மதிப்பாய்வாளர் இன்னும் நான்கு கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உசாத்துணைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஸொட்டேரோ என்ற மென்பொருள் 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. வேர்ட்டோடு சேர்ந்து வேலை செய்யும். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது இணையத்தில் அதற்குள்ள நிரந்தர அடையாள எண்ணைக் கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் தானே எடுத்து வரும். ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஏ.பி.ஏ. முறையிலிருந்து இலக்க முறையான வன்கூவர் முறைக்கு மாற்றுவது அதில் ஒரு தெரிவை மாற்றும் வேலைதான். மாற்றியதும், அதே சஞ்சிகையில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையைத் திறந்து உங்கள் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவுறுத்தல் பக்கம் சொல்லாமல் விட்டவை அதில் தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடியிடம் கொடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. உள்ளதை ஒழுங்குபடுத்தச் சொன்னாலும், விடுபட்ட பக்க எண்ணை அது தானாக நிரப்பிவிடலாம். ஆசிரியர் பெயரை மாற்றிவிடலாம். இல்லாத கட்டுரையையே உண்டாக்கியும் தருகிறது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதால் கண்ணுக்குப் படாது.

மனிதர்களே இதைச் செய்திருக்கிறார்கள். எல்செவியர் பதிப்பகம், உசாத்துணையை இப்படி எழுத வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரி வரி வைத்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி வான் டெர் கீர் முதலிய மூவர் 2000இல் எழுதியதாக அந்த வரி. அப்படி ஒரு கட்டுரை கிடையாது. அது வந்ததாகச் சொன்ன சஞ்சிகையும் கிடையாது. ஆனால் ஏறக்குறைய 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. பெரும்பாலானவை மாநாட்டுக் கட்டுரைகள். மாதிரி வரியை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியவை. கமா, புள்ளி எல்லாம் சரியாக இருந்ததால் யாரும் உள்ளே பார்க்கவில்லை.

என்னுடைய பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய நீர்ப்பாசன அறிக்கை ஒன்றிலிருந்து ஒரு பரப்பளவை என் கட்டுரையில் எடுத்தாண்டேன். அறிக்கையை நான் பார்த்திருக்கவில்லை. இடையில் ஒருவர் எழுதிய கட்டுரையில் இருந்ததை எடுத்துக்கொண்டு, அறிக்கையையே படித்தவன் போல உசாத்துணையில் போட்டேன். சில வருடங்களுக்குப் பிறகு ஒரு மாணவர், எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதினார். அப்போதுதான் தேடிப்பிடித்துப் பார்த்தேன். அறிக்கையில் ஏக்கர். இடையில் எழுதியவர் எண்ணை மாற்றாமல் ஹெக்டேயர் என்று போட்டுவிட்டார். உண்மைப் பரப்பு நான் எழுதியதில் பாதிகூட இல்லை. பட்டியலில் ஒரு புள்ளி பிசகியிருக்கவில்லை, ஆனால் அந்த வரி பொய். உங்கள் 64இல் எத்தனையை நீங்கள் உண்மையில் திறந்து பார்த்தீர்கள்? முறையை மாற்றும் இந்த நாட்களில் அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். திறக்க முடியாதவற்றை, இன்னாரின் கட்டுரை வழியாக என்று நேர்மையாகப் போடலாம். பெரும்பாலான உசாத்துணை முறைகளில் அதற்கு இடமுண்டு.

மென்பொருள் நம்மிடம் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. விவசாயத் திணைக்களத்தின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு கட்டங்களில் பிரித்துப் பதிந்தால், 'அக்ரிகல்ச்சர், டி.' என்று ஒரு மனிதரை உண்டாக்கிவிடும். திணைக்களம், அமைச்சு, சபை எதுவானாலும் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றிப் பதியுங்கள். துறவிகளின் பெயரும் இப்படித்தான். உங்கள் பக்கத்து ஊர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் யாழ் நூல் 1947இல் வந்தது. அதைப் பதிந்தால், 'சுவாமி' என்பதைப் பெற்றோர் வைத்த பெயர் என்று நினைத்து 'விபுலானந்தர், எஸ்.' என்று சுருக்கிவிடும். எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் வெளிவந்த மட்டக்களப்பு மான்மியத்துக்கு அவரை ஆசிரியர் ஆக்கிவிடும். அவர் பதிப்பாசிரியர். இவை உங்கள் கட்டுரையில் வராமல் இருக்கலாம், ஆனால் குளங்கள், வயல்கள் பற்றிய தமிழ்ப் பிரசுரங்கள் வரும்தானே. அவற்றின் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, சதுர அடைப்பில் ஆங்கிலப் பொருளைக் கொடுங்கள், தமிழ் மூலம் என்று குறியுங்கள். இலங்கைத் தமிழ்ப் பிரசுரங்களின் மின்னூலகமான நூலகம் தளத்தில் அந்தப் பிரசுரம் இருந்தால் இணைப்பையும் சேருங்கள். வெளியூர் வாசகருக்கு அது ஒன்றுதான் வழி.

பிறகு சின்னச் சின்னவை. தலைப்புகளைச் சிறிய எழுத்துக்கு மாற்றும்போது ஊர்ப் பெயர்களின் முதல் பெரிய எழுத்தும் போய்விடும், அம்பாறையும் மட்டக்களப்பும் பொதுச் சொல்லாகிவிடும். நெல்லின் விஞ்ஞானப் பெயர் சாய்வெழுத்தில் வர வேண்டும்.

உங்கள் பெயர் விஷயம் சின்னதல்ல. வன்கூவர் முறையில் இரண்டு முதலெழுத்துகளுக்கு மேல் போடுவதில்லை. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலும் அப்படித்தான். எனவே உங்கள் நான்கில் முதல் இரண்டே நிற்கும். கிழக்கிலங்கை முஸ்லிம் பெயர்களில் எம். என்ற எழுத்து எத்தனை பேருக்கு உண்டு என்று உங்களுக்கே தெரியும். ஒரே சுருக்கத்தில் நான்கு பேரின் ஆய்வுகள் ஒன்றாகக் கலந்துவிடும். தமிழர்களுக்கு வேறு சிக்கல். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினால் பிள்ளையின் ஆய்வு அப்பாவின் பெயரில் போய்ச் சேரும். என் கட்டுரைகளே தரவுத்தளங்களில் இரண்டு பெயர்களில் பிரிந்து கிடக்கின்றன. ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியதால் வந்தது அது. உங்களுக்கு இது முதல் கட்டுரை என்பதால் இன்றைக்கே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள், கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் கொடுக்க 2012இல் தொடங்கிய ஓர்கிட்டில் பதிந்து 16 இலக்க எண் ஒன்றை எடுங்கள். காசு இல்லை. திருத்திய கட்டுரையோடு அந்த எண்ணையும் கொடுங்கள்.

திணைக்கள அறிக்கைகள் எத்தனை உங்களிடம் இருக்கின்றன என்று எழுதவில்லை. கல்லடிப் பக்கம் வரும்போது மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள். அவற்றை இரண்டு பேருமாக ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.