கன்ட்ரோலருக்காக அமெரிக்கா போக வேண்டாம், சேலம் போதும்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். மகனுக்காக ஆன்லைனில் ஒரு வீடியோ கேம் பெட்டியும், கூடுதலாக ரூ.5,990-க்கு, கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலர் ஒன்றும் வாங்கினோம். மழை பெய்தால் விருந்தினர் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் ஹாலில் உட்கார்ந்து விளையாடுவார்கள். எட்டே மாதத்தில், கட்டைவிரலால் அசைக்கும் இடது ஸ்டிக் தானாக நகர ஆரம்பித்துவிட்டது. சேலம் சர்வீஸ் சென்டரில் ‘தூசி புகுந்துள்ளது, வணிகப் பயன்பாடு, வாரண்டி இல்லை’ என்று ஜாப் ஷீட்டில், அதாவது பழுது விவரச் சீட்டில், எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், இதே கோளாறுக்கு அமெரிக்காவில் நடக்கும் வழக்கில் எங்களைச் சேர்ப்பதாகவும், இங்கேயும் இரண்டு லட்சம் நஷ்டஈடு வாங்கித் தருவதாகவும் சொல்லி ரூ.8,000 முன்பணம் கேட்கிறார். ஜாப் ஷீட்டை வாங்கிப் போய் மனுவும் டைப் செய்து அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? – வாசகி, ஏற்காடு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த மனுவையும் வரி விடாமல் படித்தேன். அதை அப்படியே தாக்கல் செய்தால் உங்களுக்கு இருக்கிற நல்ல வழக்கும் போய்விடும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. இந்தக் கோளாறுக்கு அங்கே வழக்குப் போட்டது உண்மைதான். 2019 ஜூலையில் நின்டெண்டோவின் ஜாய்-கான் கன்ட்ரோலர் பற்றி வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு வந்தது. 2020-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் மீதும், 2021-இல் சோனியின் டூயல்சென்ஸ் மீதும் அதே மாதிரி வழக்குகள் வந்தன. எல்லாமே அந்த நாட்டில் வாங்கியவர்களுக்காகப் போட்டவை. இந்தியாவில் பில் போட்டு வாங்கிய உங்களை அதில் சேர்க்க யாராலும் முடியாது. அங்கே வாங்கியவர்களுக்கே அது எளிதாக இல்லை. புதுப் பெட்டியைப் பிரித்து முதல் தடவை இயக்கும்போது நீளமாக ஒரு ஒப்பந்தம் வரும், நாமும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்துவோம். சச்சரவு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம்தான் போக வேண்டும் என்று அதில் இருந்ததைக் காட்டி, 2020-இல் நின்டெண்டோ வழக்கை நடுவர் தீர்ப்புக்கு அனுப்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் விடாமல் புகார் கொடுத்ததால், 2023-இல் வாரண்டி முடிந்த ஜாய்-கானையும் இலவசமாகச் சரிசெய்து தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதுவும் அங்கே உள்ளவர்களுக்குத்தான்.

இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் அமெரிக்காவைவிட உங்களுக்குச் சாதகம். ஒப்பந்தத்தில் நடுவர் என்று எழுதியிருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதை அது தடுக்காது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பில்லின் அடியில் பொடி எழுத்தில் ‘வழக்குகள் குருகிராம் நீதிமன்றத்தில் மட்டும்’ என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஏற்காடு சேலம் மாவட்டம்தானே. சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான் உங்கள் இடம். மலை இறங்கினால் போதும்.

அடுத்து ‘தூசி’. இந்தச் சொல்லைப் பார்த்து நிறையப் பேர் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஸ்டிக்கின் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்குமே, அதற்குள் இருந்த அதே வகைப் பாகம்தான் பெரும்பாலான கன்ட்ரோலர்களில், ஸ்டிக்குக்கு இரண்டு வீதம் இருக்கிறது. கரி பூசிய ஒரு மெல்லிய தடத்தின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரச உரசக் கரி தேயும், துகள் உதிரும். அப்புறம் விரல் வைக்காமலே ஸ்டிக் ‘இடப்பக்கம் போ’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். ஆக, அவர்கள் பார்த்த தூசி ஏற்காட்டுக் காற்றில் வந்ததா, அவர்கள் செய்த பாகமே தேய்ந்து உதிர்ந்ததா? அதை ஜாப் ஷீட்டில் யாரும் எழுதவில்லை. காந்தத்தை வைத்து, உரசலே இல்லாமல் வேலை செய்யும் ஸ்டிக்குகளும் சந்தையில் இருக்கின்றன. தேயாத வழி ஒன்று இருக்கும்போது எட்டு மாதத்தில் தேய்வதை வாடிக்கையாளர் குற்றம் என்று சொல்வது நியாயமில்லை. மனுவில் இதை மூன்று வரியில் எழுதுங்கள். அதற்கு மேல் தொழில்நுட்பம் வேண்டாம்.

இப்போது அந்த மனுவுக்கு வருகிறேன். அதன் ஏழாவது பத்தியில் ‘மனுதாரரின் விருந்தினர் விடுதியில் கன்ட்ரோலர் பழுதானதால் ஏற்பட்ட வருமான இழப்பு ரூ.2,00,000’ என்று இருக்கிறது. எதிராளி கேட்காமலே அவர் கையில் கத்தியை எடுத்துக் கொடுக்கும் வரி இது. நுகர்வோர் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோரே இல்லை. சர்வீஸ் சென்டர் ‘வணிகப் பயன்பாடு’ என்று எழுதியது சும்மா எழுதியதில்லை. உங்கள் ஆளே அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்.

இந்த வணிக நோக்கம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். உங்கள் வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பெட்டி உங்கள் ஹாலில் இருக்கிறது, மகனுக்காக வாங்கியது, விருந்தினர் பிள்ளைகள் எப்போதாவது தொடுகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் இது வணிகமே இல்லை. மும்பையில் ஒரு மருத்துவமனை அறக்கட்டளை தன் செவிலியர்கள் தங்குவதற்கு வாங்கிய வீடுகள் பற்றிய வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இதைத்தான்: வாங்கியதன் முக்கிய நோக்கம் என்ன, அதற்கும் லாபம் சம்பாதிக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டா? மருத்துவமனை லாபம் பார்க்கும் இடம் என்பதால் செவிலியர் வீடும் வணிகம் ஆகிவிடாது என்று முடிவு செய்தது. அறை வாடகைக்கு விடுபவர் வீட்டில் மகன் விளையாடும் கன்ட்ரோலரும் அப்படித்தான்.

சரி, விருந்தினருக்காகவும் சேர்த்துத்தான் வாங்கினீர்கள் என்றே எதிராளி வாதாடட்டும். அப்போதும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் சுயதொழில் செய்து, தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த 1995 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நம் ஊர் ஆட்களுக்குப் புரியும் உதாரணங்களோடு விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். அடுத்தவர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துச் சம்பாதிக்க டைப்ரைட்டர் வாங்கியவரும் நுகர்வோர். துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டால்கூட அந்தத் தகுதி போகாது. வாங்கிய வண்டியையோ இயந்திரத்தையோ முழுக்க வேறொருவரிடம் கொடுத்து ஓட்டவைத்தால்தான் போகும். சமைப்பது, அறை பெருக்குவது, சாவி கொடுப்பது எல்லாம் நீங்களும் வீட்டுக்காரரும்தான் என்றால் அதை ஒரே வரியில் எழுதி வையுங்கள். இருபது அறை வைத்து மேலாளர் போட்டு நடத்துபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அப்புறம், வணிகம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஜாப் ஷீட்டில் ஒரு சொல் கிறுக்கினால் அது நிரூபணம் ஆகாது.

ஆனால் ‘வருமான இழப்பு’ என்று நீங்களே எழுதினால் இத்தனையும் வீண். அதனால்தான் இந்த ஆட்கள் மேல் எனக்குக் கோபம். இரண்டு லட்சம் என்று எழுதினால் கட்சிக்காரர் கண்ணுக்கு அழகாகத் தெரியும், முன்பணம் சுலபமாக வரும். வழக்கு தள்ளுபடி ஆகும் நாளில் அவர் போன் எடுக்க மாட்டார். கையில் பை, பையில் ரப்பர் ஸ்டாம்ப், ‘நுகர்வோர் உரிமை’ என்று அச்சடித்த லெட்டர்பேட், இவற்றோடு சுற்றும் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வக்கீலா என்று கேட்டால் ‘வக்கீல் மாதிரிதான்’ என்பார்கள். மாவட்ட ஆணையத்தில் வக்கீல் வைக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. நீங்களே நின்று பேசலாம், தமிழில் பேசலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. பிறகு அந்த எட்டாயிரம் எதற்கு?

இன்னொரு வகை ஆபத்து மொபைல் கடை. ‘அறுநூறு ரூபாய் கொடுங்க, ஸ்டிக் மாத்திடறேன்’ என்று திறந்துவிடுவார்கள். கல்லூரி மாணவர் ஒருவர் தன் கன்ட்ரோலரை என்னிடம் கொண்டுவந்தது ஒரு சாப்பாட்டு டப்பாவில். மேல் ஓடு, நான்கு திருகாணி, பிய்ந்த ரிப்பன் கேபிள், கழற்றிய பழைய ஸ்டிக். சீல் உடைந்த பொருளை வைத்துக்கொண்டு உற்பத்திக் குறை என்று எப்படி நிற்பது? உங்களுடையது இன்னும் திறக்கப்படாமல் இருப்பதே பெரிய பலம். மகனிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கன்ட்ரோலரை மேசையில் வைத்து, யார் கையும் படாமல், திரையில் பொம்மை தானாக இடப்பக்கம் நடப்பதை இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். இடையில் நிறுத்தாமல் அப்படியே கேமராவைத் திருப்பி அடியில் உள்ள சீரியல் எண்ணையும், அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணையும் காட்டுங்கள். அதே பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும். அவரும் எதிர்மனுதாரர். பில்லில் பெயர் உள்ள விற்பனையாளரும், ஆன்லைன் தளமும் கூட. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். சில நேரம் அந்த அளவிலேயே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ், நீங்களே எழுதலாம். பதினைந்து நாள் கொடுங்கள். பிறகு புகார் மனு. நேரிலும் கொடுக்கலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் ஏற்றலாம்.

கேட்க வேண்டியது: மாற்றுக் கன்ட்ரோலர் அல்லது ரூ.5,990, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. அவ்வளவுதான். எதிர்த் தரப்பு ஆய்வகச் சோதனை கேட்டால் எதிர்க்காதீர்கள். ஆணையமே சீல் வைத்து அனுப்பும். அந்தச் செலவை உங்களைக் கட்டச் சொன்னால், தொகை பொருள் விலையை நெருங்குகிறதே என்று அங்கேயே எழுத்தில் சொல்லுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடப்பில் அந்தக் கணக்கை நம்பி வராதீர்கள். பதில் போட எதிராளிக்கு 30 நாள், கெஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020-இல் சொல்லிவிட்டது. அப்படியும் வாய்தா மேல் வாய்தா போகும் இடங்கள் உண்டு. தலைவர், உறுப்பினர் பதவிகளை மாநில அரசுகள் நிரப்பாமல் போட்டு வைத்திருந்ததால் 2021-இல் உச்ச நீதிமன்றமே தானாக வழக்கெடுக்க வேண்டியதாயிற்று. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒருவர் எத்தனை தடவை மலை இறங்குவார்? அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்றுதானே பெரிய நிறுவனங்கள் ‘வாரண்டி இல்லை’ என்று துணிந்து எழுதுகின்றன. சாமானியனுக்காகக் கொண்டுவந்த சட்டம் இது. இதில் தாமதம் என்பது எதிராளிக்குக் கொடுக்கும் பரிசு. வீடியோ வழி விசாரணைக்கு சட்டத்திலேயே இடம் இருக்கிறது. முதல் நாளே அதைக் கேட்டு ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.

காலக்கெடு இரண்டு வருடம். மின்னஞ்சல் போய் வந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது நீளாது. சர்வீஸ் சென்டர் மறுத்த தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. மனு டைப் செய்வதற்காக ஜாப் ஷீட்டை அந்த நபரிடம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தது அசலா, நகலா என்று தெரியவில்லை. அசல் என்றால், முன்பணம் பற்றி எதுவும் பேசுவதற்கு முன்னால் நாளைக்கே போய் அதை வாங்கி வந்துவிடுங்கள்.